அணிலுக்கு மயக்க மருந்து கொடுத்த பிள்ளை

1

எங்கள் மகளின் பாதாம் பருப்புகள் இரண்டையும் வெட்டி எடுக்கப்போவதாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபடி அதைப் போனில் வாசித்தேன். தப்பாக வாசித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை வாசித்தேன். பாதாம்தான். உடனே கணவருக்குப் போன் எடுத்தேன்.

“ஏங்க, பாதாமை எதுக்கு வெட்டுறாங்க?”

குகன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. “அது டொன்சில். இவையளுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான்.”

நோர்வேக்கு வந்து பதினோரு வருடமாகிறது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், பாடசாலைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறேன். ஆனாலும் இந்த மொழி மாதம் ஒரு தடவையாவது இப்படிக் காலை வாரிவிடும்.

நான் பிறந்தது தெஹியோவிட்டைக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா அங்கே ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். கொழும்பில் வேலை பார்த்தபோது யாழ்ப்பாணத்துக்காரரான குகனைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே பேர்கன் நகரத்துக்கு வந்தேன். உலகத்திலேயே எங்கள் ஊர் மழைதான் பெரிது என்று இங்குள்ளவர்கள் பெருமை பேசுவார்கள். தெஹியோவிட்டையில் வளர்ந்தவளிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

எங்களுக்கு ஒரே மகள். ஆரணி, ஆறு வயது. வருடத்தில் பாதி நாள் தொண்டை வீங்கிக் காய்ச்சலோடு கிடப்பாள். தூக்கத்தில் மூச்சு அடைத்துத் திணறுவாள். டான்சிலை எடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்தோடு நிரப்பி அனுப்ப ஒரு படிவமும் வந்திருந்தது. எடை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஆடும் பல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒரு கேள்வி: ‘என்ன நடக்கப்போகிறது என்பது பிள்ளைக்குத் தெரியுமா?’ பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம், இல்லை.

‘இல்லை’ என்று போட்டால் யாராவது கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்கள். ‘ஆம்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆரணியிடம் நான் சொல்லியிருந்தது வேறு. “டாக்டர் தொண்டையைப் பார்த்து ஒரு படம் எடுப்பாரு. அப்புறம் நிறைய ஐஸ்கிரீம்.” எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் கூட்டிப்போவார்கள். அதைப் பொய் என்று நான் நினைத்ததே கிடையாது.

2

சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு எங்களை ஆயத்தச் சந்திப்புக்கு அழைத்திருந்தார்கள். மயக்க மருந்துப் பிரிவின் நர்ஸ் ஹில்டா எங்களுக்குக் கை கொடுத்துவிட்டு நேரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அப்போது அவர் முகமும் ஆரணியின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

“அடுத்த வியாழக்கிழமை நீ எதற்காக இங்கே வருகிறாய்?” என்று கேட்டார்.

“டாக்டர் தொண்டையைப் படம் எடுப்பார். பிறகு ஐஸ்கிரீம்,” என்றாள் ஆரணி.

ஹில்டா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் மடியில் நான் அனுப்பிய படிவம் இருந்தது. கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் கண்ணில் கோபமே இல்லை. எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

“நான் அவளுக்குச் சொல்லலாமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வேண்டாம், பயந்துவிடுவாள்,” என்றேன்.

குகன் என் பக்கம் திரும்பாமலே, “சொல்லுங்கோ,” என்று தமிழில் சொல்லி, பிறகுதான் மொழி ஞாபகம் வந்து தலையாட்டினார்.

ஹில்டா ஒரு டேப்லட்டை எடுத்து ஆரணியின் கையில் கொடுத்தார். அதில் ஒரு விளையாட்டு. தொண்டை வலியோடு ஓர் அணில் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. ஆரணிதான் நர்ஸ். ஊசி வலிக்காமல் இருக்க அணிலின் கையில் மருந்துக் களிம்பு பூச வேண்டும். நெஞ்சில் ஒரு வட்டத்தை ஒட்டினால் இதயம் துடிக்கிற சத்தம் கேட்கும். அடுத்தது முகமூடி. அதற்கு வாசனையையும் அவளே தேர்ந்தெடுக்கலாம். ஸ்ட்ரோபெரி அல்லது தோடம்பழம் என்கிற ஆரஞ்சு. அணில் மூச்சு விடும்போதெல்லாம் திரையில் ஒரு பலூன் பெரிதாகும். பலூன் முழுதாக ஊதியதும் அணில் தூங்கிவிடும். இடையிடையே கேள்விகள் வரும். தூங்கும்போது அணிலுக்கு வலிக்குமா? விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? தப்பாகச் சொன்னால் அணிலே விளக்கம் சொல்லும்.

ஒன்றையும் மறைக்கவில்லை. கத்தரிக்கோலை மட்டும் காட்டவில்லை, மற்றதெல்லாம் இருந்தது. அணில் விழித்ததும் விளையாட்டின் குரல் சொன்னது: “இப்போது தொண்டை வலிக்கும். நீ அழலாம். அழுதால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.”

வலிக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்கிறார்களே! இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். ஆரணி அழவில்லை. “இன்னொரு தரம்,” என்றாள்.

அப்புறம் ஹில்டா உண்மையான முகமூடி ஒன்றை எடுத்தார். கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற, லேசான சாமான். ஆரணி அதை வாங்கித் தன் மூக்கில் வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ட்ராமில் ஆரணி கேட்டாள்.

“அம்மா, ஏன் படம் எண்டு சொன்னீங்க?”

“மறந்துட்டேன்மா.”

“மறக்கேல்ல. பொய்.”

அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் சில நூறுதான். அவற்றில் இதை நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

3

எனக்கு அப்போது ஏழு வயது. லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றில் பாறை வழுக்கி விழுந்து வலது முழங்கை உடைந்தது. அம்மாவிடம் கைக்குழந்தையாகத் தம்பி இருந்தான். அப்பாதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு இறங்கிப் பஸ் ஏறினார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதத் தேவையில்லை. அந்த டாக்டர் கையைச் சரியாகத்தான் பொருத்தினார். இன்றைக்கு அந்தக் கையால்தான் உழைத்துச் சாப்பிடுகிறேன்.

பஸ்ஸில் போகும்போது அப்பா சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தார். “படம் மட்டுந்தான் புடிப்பாங்க புள்ள. ஊசி கூட கெடையாது. படம் புடிச்சிட்டு கடைக்குப் போயி ரோல்ஸ் திம்போம்.”

படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு என்னைச் சில்லென்ற ஒரு மேசையில் கிடத்தினார்கள். தலைக்குப் பின்னாலிருந்து கறுப்பு ரப்பர் மூடி ஒன்று என் மூக்கையும் வாயையும் சேர்த்து அமுக்கியது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற வாடையில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் அந்த வாடை மூச்சுக்குள் இறங்கி அடைத்தபோது கொல்லத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். உதைத்தேன், கத்தினேன், தலையைத் திருப்பினேன். யாரோ தோளை அழுத்தினார்கள். யாரோ இரண்டு கால்களையும் சேர்த்து மேசையோடு அமுக்கினார்கள்.

எல்லாரும் சிங்களத்தில் பேசினார்கள். எங்கள் தோட்டத்தைச் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள்தான். கடையில் பேசுகிற அளவுக்கு எனக்கும் வரும். அந்த நேரத்தில் ஒன்றும் விளங்கவில்லை. மூடிக்கு வெளியே ஒரு பெண் குரல் மட்டும் “அப்பா... அப்பா...” என்று திரும்பத் திரும்பச் சொன்னது தெளிவாகக் கேட்டது. அவர்கள் என் அப்பாவோடு பேசுகிறார்கள். அப்பா இந்த அறைக்குள்தான் நிற்கிறார். நான் சாவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். மயங்குவதற்கு முன்னால் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

விழித்தபோது அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ரோல்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்தத் திருப்பம் முப்பத்து மூன்று வருடம் நீடித்தது. சண்டை என்று ஒன்றும் வரவில்லை. அவர் கையைப் பிடித்து நடப்பதை விட்டேன். அவர் தோளில் ஏறுவதை விட்டேன். ஒன்று வேண்டும் என்றால் அம்மாவிடம் சொல்வேன். கொழும்புக்குப் போன பிறகு போனில், “சாப்பிட்டீங்களா? மழையா?” என்று இரண்டு கேள்வி, பிறகு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அம்மா தவறியபோது ஊருக்குப் போயிருந்தேன். பத்து நாள் ஒரே வீட்டில் இருந்தோம். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். என்னிடம் என்ன குறை என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையே என்று அதையும் அவர் கணக்கில்தான் சேர்த்தேன்.

4

விளையாட்டை வீட்டிலும் விளையாட ஒரு இலக்கம் கொடுத்திருந்தார்கள். பழகுவதற்கு ஒரு முகமூடியும் தந்தார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் மயங்காத ஜீவன் இல்லை. பொம்மைகள், கரடி, குகன், குகன் வாங்கிவந்த பூசணிக்காய், எல்லாவற்றுக்கும் ஆரணி மயக்க மருந்து கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் வாசனை கேட்டாள். பூசணிக்காய் தோடம்பழம் கேட்டதாம்.

நான் சமைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஸ்டூலில் ஏறி, “அம்மா, உங்கட முறை,” என்று அந்த முகமூடியை என் மூக்கில் வைத்தாள்.

அடித்துவிட்டேன். அடிக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. என் கை தானாக வீசியது. முகமூடி பறந்துபோய் அலுமாரியில் மோதி விழுந்தது. ஆரணி ஸ்டூலில் அப்படியே நின்றாள். அவள் கண்கள் பெரிதாக விரிந்திருந்தன. பிறகு மெதுவாக இறங்கி, முகமூடியை எடுத்துத் துடைத்து, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளையாட்டின் கடைசியில் ஒரு பக்கம் உண்டு. ‘தூங்கும் அறைக்கு என்னோடு யார் வருவார்கள்?’ ஒரு பெற்றோருக்குத்தான் அனுமதி. அன்று பின்னேரம் குகன் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினார். அவள் அப்பாவின் படத்தைத் தொட்டு வைத்திருந்தாள்.

நான் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். “அம்மா வரட்டுமா தங்கம்?”

“வேணாம். அம்மாக்குப் பயம். அப்பா த்ரிக்.”

‘த்ரிக்’ என்பது நோர்வேஜியச் சொல். பாதுகாப்பு என்று அகராதி சொல்லும். ஆனால் இங்குள்ள பிள்ளைகள் அதைச் சொல்லும்போது, இந்த ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது என்கிற நிம்மதியையும் சேர்த்துச் சொல்வார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் பிள்ளை அந்தச் சொல்லுக்குள் என்னைச் சேர்க்கவில்லை என்பதை மட்டும் விளங்கிக்கொண்டேன்.

5

வியாழக்கிழமை குகன் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். எவ்வளவுதான் விளையாட்டுக் காட்டினாலும் அந்த மூடி முகத்தில் இறங்கும்போது பிள்ளை கத்தத்தான் செய்யும் என்று உறுதியாக நம்பினேன். இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். உள்ளே ஹில்டாவின் குரல் கேட்டது. பிறகு ஆரணியின் குரல், ஸ்ட்ரோபெரி வேண்டாம், தோடம்பழம்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை.

கதவு திறந்து குகன் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது.

“என்னாச்சு? ஏன் கத்தல?”

“ஏன் கத்தப்போறாள்? தானே மாஸ்க்கைப் பிடிச்சு வைச்சவள். அப்பா, பலூன் பெருசாகுது பாருங்கோ எண்டு சொன்னவள். பிறகு நித்திரை.”

“யாரும் அமுக்கிப் புடிக்கலையா?”

அவருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. “ஏன் அமுக்க வேணும்?” என்றார்.

நான் அந்த நடைபாதையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த அழுகை எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. பிள்ளைக்கு நல்லபடியாக நடந்தது என்ற சந்தோஷம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேறு. இப்படியும் செய்யலாமா? நாலு சித்திரமும் ஒரு அணிலும் போதுமா இதற்கு? அப்படியென்றால் எனக்கு நடந்தது எதற்கு நடந்தது?

ஆரணி விழித்ததும் அழுதாள். தொண்டையைத் தொட்டுக்காட்டி, கரகரத்த குரலில், “அணிலுக்கும் இப்பிடித்தான்,” என்றாள். அழுதுகொண்டே ஐஸ்கிரீம் கேட்டாள்.

ஹில்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குகனிடம்கூட முழுதாகச் சொல்லாத கதையை, இலக்கணம் தப்பிய நோர்வேஜியத்தில் அவரிடம் சொன்னேன். அப்பா நின்று பார்த்தார் என்றுதான் சொன்னேன். ஹில்டா கடைசி வரை கேட்டார். பிறகு, அந்த விளையாட்டை மற்ற மொழிகளிலும் பேசவைக்கப் போகிறோம், தமிழுக்கு நீங்கள் குரல் தருவீர்களா என்று கேட்டார்.

6

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல் குரல் பதிவு நடந்தது. சிங்களத்துக்கு வந்திருந்தவர் நிலூகா. பாலர் பாடசாலையில் வேலை செய்பவர், சொந்த ஊர் கேகாலைப் பக்கம். நான் சிங்களத்தில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெஹியோவிட்டை, யட்டியாந்தோட்டை என்று பஸ் பாதை முழுவதையும் இருவரும் சொல்லி முடித்தோம்.

என் முறை முதலில் வந்தது. எழுதித் தந்த தாளில் ‘நீங்கள் நித்திரை கொள்வீர்கள்’ என்று இருந்தது. லயத்துப் பிள்ளை யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். “நீங்க தூங்கிருவீங்க” என்று மாற்றிப் பேசினேன். நித்திரை என்றே சொல்லும் குகன் கேட்டால் சண்டைக்கு வருவார் என்று தெரியும்.

அடுத்தது நிலூகா. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அணில் விழிக்கிற இடம் வந்தது. ‘நீ அழலாம்’ என்று சொல்லவேண்டிய இடம். நிலூகா குரலைக் குழைத்து, குழந்தையைத் தடவிக்கொடுப்பது போல, “அண்டன்ன எப்பா துவே... எப்பா... எப்பா...” என்றார்.

சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ, அழலாம் என்றல்லவா இருக்கிறது! எங்கள் வாயில் அழாதே மகளே என்றுதான் வருகிறது,” என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘எப்பா’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். பஸ்ஸில், கடையில், பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், நானே பேசியிருக்கிறேன். ஆனால் ஹெட்போனின் பஞ்சு காதை மூடியிருக்க, அந்தக் குழைவோடு, எங்கோ தூரத்திலிருந்து வருவது போல அது வந்தபோது எனக்கு ஏழு வயது. அதே குரல். அதே இழுப்பு. எப்பா... எப்பா...

அப்பா இல்லை. எப்பா.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டேன். நிலூகா பயந்துபோய் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. “அந்த மிஸ்ஸி உன்னைத் தேற்றியிருக்கிறாள், நங்கி,” என்றார். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸை மிஸ்ஸி என்போம். நங்கி என்றால் தங்கச்சி.

அப்படியென்றால் அப்பா அந்த அறையில் இருக்கவில்லை. அவர் வெளியேதான் நின்றிருக்கிறார். உள்ளே என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டுவிட்டு முப்பத்து மூன்று வருடம் அந்த மனுசனைத் தண்டித்திருக்கிறேன்.

7

கட்டிடத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டே ஊருக்குப் போன் எடுத்தேன். அங்கே மாலை ஆகிக்கொண்டிருக்கும். அப்பா தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். தம்பி மனைவி சாந்தி எடுத்தாள். வழக்கம்போலத் தம்பியைக் கூப்பிடப் போனாள். “அப்பாகிட்ட குடு,” என்றேன். அவள் ஆச்சரியப்பட்டது மூச்சிலேயே தெரிந்தது.

“என்ன புள்ள? ஒடம்புக்கு ஏதும் முடியலையா?” என்றார் அப்பா.

“அப்பா, எனக்குக் கை ஒடிஞ்சப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்கல்ல? அன்னைக்கு நீங்க உள்ள நின்னு பார்த்துக்கிட்டே இருந்தீங்கன்னு நான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மிஸ்ஸி எப்பா எப்பான்னு சொன்னதை நான் அப்பான்னு கேட்டுட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. நீங்க அங்க இல்லவே இல்ல. என்னைய மன்னிச்சிருங்கப்பா.”

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், “சாந்தி, நீ கொஞ்சம் வெளிய இரும்மா,” என்று சொல்வது கேட்டது. கதவு சாத்துகிற சத்தம்.

“நான் உள்ளதான் இருந்தேன் புள்ள.”

போனைக் காதோடு சேர்த்து அழுத்தினேன்.

“மொதல்ல வெளிய நிக்கச் சொன்னாங்க. நீ ஒதைச்ச ஒதையில தட்டுமுட்டெல்லாம் கீழ விழுந்துருச்சு. உள்ள ஆளு பத்தல. மிஸ்ஸி ஓடியாந்து என்னைய இழுத்துக்கிட்டுப் போனாங்க. ‘கக்குல் அல்லன்ன’ன்னாங்க. காலைப் புடின்னு. புடிச்சேன். ரெண்டு காலையும் சேத்து அமுக்கிப் புடிச்சேன். ஒன் காலைப் புடிச்சது நாந்தான்.”

மழை என் சப்பாத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நகரத் தோன்றவில்லை.

“அப்பா வாங்க, அப்பா வாங்கன்னு நீ கத்துன. நான் ஒன் காலடியிலதான் நின்னேன். வாயைத் தொறக்கல. தொறந்தா புடிச்சிருக்கது நாந்தான்னு ஒனக்குத் தெரிஞ்சுருமேன்னு இருந்துச்சு.”

“ஏன்ப்பா சொல்லல?” என்றேன். “இத்தன வருசமா ஏன் சொல்லல?”

“நீதான் பார்த்துட்டியேன்னு நெனச்சேன். கண்ணு முழிச்சதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. புள்ள பார்த்துருச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவகிட்ட என்னத்தச் சொல்ல?”

மன்னிப்புக் கேட்க எடுத்த போன் அது. இப்போது யார் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நான் நினைத்தது தப்பு. ஆனால் நடந்ததும் அதுதான். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. என் வாயிலிருந்து வேறொரு கேள்வி வந்தது. அந்தப் படிவத்தின் கேள்விதான் அது என்று பிறகு யோசித்தபோது தெரிந்தது.

“என்ன செய்யப்போறாங்கன்னு ஒங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களாப்பா?”

“எனக்கு யாரு புள்ள சொன்னா? ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்து வையின்னாங்க. சிங்களம் எனக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாதே. டாக்டரும் மிஸ்ஸியும் ‘அத்த, கப்பன்ன’ன்னு என்னமோ பேசிக்கிட்டாங்க. அத்தன்னா கை. கப்பன்னன்னா வெட்டுறது. ஒன் கையை வெட்டி எடுக்கப்போறாங்கன்னு நெனச்சேன்.”



“வெட்டப்போறாங்கன்னு நெனச்சுக்கிட்டா புடிச்சீங்க?”

“வெட்டாட்டி வெசம் ஏறிச் செத்துருவன்னு பயந்தேன். கை இல்லாட்டியும் புள்ள இருக்கட்டும்னு புடிச்சேன். வெளிய தள்ளிக்கிட்டு வந்தப்ப துணியத் தூக்கிப் பார்த்தேன். கை இருந்துச்சு. வெரலு அஞ்சும் இருந்துச்சு. அங்கயே தரையில உக்காந்துட்டேன்.”

அவரும் அழுதார், நானும் அழுதேன். அழாதே என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரணி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் அழுதீங்க என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லத்தான் முதலில் வாய் போனது. பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழிலும் நோர்வேஜியத்திலும் கலந்து, ஏழு வயதில் நடந்ததையும் தாத்தா இன்று சொன்னதையும் முழுதாகச் சொன்னேன். சமையலறையில் அவள் கையைத் தட்டிவிட்டது ஏன் என்பதையும் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

“தாத்தாக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?” என்றாள். “பெரிய ஆளுக்குமா சொல்லேல்ல?”

“இல்ல.”

அது எப்படி என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். சாந்தியின் குரலை எதிர்பார்த்தேன். அப்பாவே எடுத்திருந்தார்.

“சொல்லு புள்ள,” என்றார்.